மேடைக்கு எந்தக் கருவி? அறைக்கு எந்தக் கருவி?



சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று எம் உள்ளத்தை நெடுநேரம் பற்றி நின்றது. எழுதியவர் ஒரு தாய். கணவர் சிறு கடை நடத்துகிறார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறான். பத்து வயது முதல் பங்கின் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்து வரும் பிள்ளை. மடலின் சாரம் இதுதான்:

"என் மகனிடம் நல்ல கீபோர்டு இருக்கிறது. படிப்புக்கென்று மடிக்கணினியும் வாங்கிக் கொடுத்தோம். இப்போது கணினிக்குள்ளேயே இயங்கும் இசைக்கருவிகள் வேண்டும், அதற்கு 30,000 ரூபாய் ஆகும் என்கிறான். கையால் தொட முடியாத கருவிக்கு இவ்வளவு பணமா என்று அவன் தந்தை சினக்கிறார்; ஓர் ஆர்மோனியம் வாங்கிக்கொள் என்கிறார். நண்பன் ஒருவன் எல்லாக் கருவிகளையும் காசில்லாமலே ஏற்றித் தருகிறானாம். வீட்டில் பத்து நாளாகத் தந்தைக்கும் மகனுக்கும் பேச்சில்லை. நான் யார் பக்கம் நிற்பது?"

அம்மையீர், தாங்கள் ஒருவர் பக்கமும் நிற்க வேண்டியதில்லை. தந்தை கேட்பது, 'இது கருவிதானா?' என்பது. மகன் கேட்பது, 'எதை வாங்கலாம்?' என்பது. இவ்விரண்டிற்கும் நடுவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'அந்தக் கருவி எங்கே ஒலிக்கப் போகிறது?' அறையிலா, மேடையிலா? இதற்கு விடை கண்டால் மற்ற இரண்டிற்கும் விடை தானே வரும்.

இது கருவிதானா?

முதலில் தந்தையின் ஐயத்தை எடுத்துக்கொள்வோம். அது இயல்பான ஐயமே.

1964-ஆம் ஆண்டில் இராபர்ட் மூக் என்னும் அமெரிக்கர், மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி ஒலியை ஆளும் தம் கருவிகளை ஒலிப்பொறியாளர் மாநாடு ஒன்றில் காட்டினார். அறையின் சுவரளவு பெருகிக் கிடந்த அக்கருவிகள், 1970-இல் கையில் தூக்கிச் செல்லத்தக்க 'மினிமூக்' ஆகச் சுருங்கின. அதில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். 1983-இல் யமஹா நிறுவனம் டி.எக்ஸ்.7 என்னும் கருவியை வெளியிட்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த கணக்கு முறையே அதன் உயிர். ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையை அசைத்து, மணியோசை போன்றும் வெண்கல ஓசை போன்றும் ஒலிகளை ஆக்கும் முறை அது. ஆக, அன்றே சிந்தசைசருக்குள் இருந்தது ஒரு கணினிதான்.

அதே 1983-இல் 'மிடி' என்னும் பொது மொழி பிறந்தது. மிடி ஒலியைச் சுமப்பதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையோடு, எப்போது விடப்பட்டது என்னும் செய்தியை மட்டுமே சுமக்கிறது. ஒரு நிறுவனத்தின் கீபோர்டு மற்றொரு நிறுவனத்தின் கருவியை இயக்கத் தொடங்கியது இதனால்தான். 1996-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 'வி.எஸ்.டி.' என்னும் முறையை வகுத்தது. 1999-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, கணினிக்குள் இசைக்கருவியையே குடியேற்ற வழி செய்தது. விரல் கீபோர்டில் படுகிறது. செய்தி கணினிக்குச் செல்கிறது. கணினி வினாடிக்கு 44,100 அல்லது 48,000 எண்களைக் கணக்கிட்டு ஒலியாக்கித் தருகிறது. மென்பொருள் சிந்தசைசர் என்பது இதுவே.

எனவே, 'கையால் தொட முடியாத கருவி' என்பது முற்றிலும் சரியன்று. தொடுவது கீபோர்டை, ஒலிப்பது கணினி. ஆர்மோனியத்திலும் விரல் தொடுவது கட்டையைத்தான். ஒலிப்பது உள்ளேயுள்ள நாக்குகள்.

ஆர்மோனியத்தைச் சொன்னதால் இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த அக்கருவியை நம் நாட்டில் எல்லாரும் உடனே வரவேற்றுவிடவில்லை. அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அத்தடை தளரத் தொடங்கியது. சுரத்தை நின்ற இடத்தில் நிறுத்துமேயன்றி, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைத்தும் கமகம் காட்ட அதனால் இயலாது என்பதே அதன் மீதிருந்த பெருங்குறை. இன்றைய மென்பொருள் சிந்தசைசரில் அக்குறை பெருமளவு நீங்கியிருக்கிறது. கீபோர்டின் இடப்புறம் உள்ள சக்கரத்தைத் திருப்பினால் சுரம் வளையும். எத்தனை சுரம் வளையலாம் என்பதை நாமே வரையறுத்துக்கொள்ளலாம். 2018-இல் ஏற்கப்பட்ட 'எம்.பி.இ.' என்னும் முறையில், அதற்கேற்ற கீபோர்டு இருந்தால், ஒவ்வொரு விரலும் தன் சுரத்தைத் தனித்தனியே வளைக்கலாம். ஐயா அவர்கள் இதைத் தம் மகனிடம் ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டுமென்று அன்புடன் வேண்டுகிறோம்.

அறையின் கருவி

இனி மகனிடம் பேசுவோம். தம்பி, நீ பாடல் பதிவு செய்ய அறையில் அமர்ந்திருக்கிறாய் என்று கொள். அங்கே உனக்குக் காலம் உண்டு. பிழைத்தால் மீண்டும் வாசிக்கலாம். ஒலி கனமானதாக இருந்து கணினி திணறினால், அந்த ஒரு பகுதியை மட்டும் ஒலிப்பதிவாக மாற்றி வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம். பதிவு மென்பொருள்கள் பலவற்றில் இதற்கென்றே வசதி உண்டு. ஆகையால் அறையில் கருவியைத் தேரும்போது ஒலியின் அழகை முதலில் நோக்கலாம்.

ஜெர்மனியின் யூ-ஹீ நிறுவனத்தாரின் 'டிவா' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய மின்சுற்றுகளின் நடத்தையை நுணுக்கமாகக் கணக்கிட்டுக் காட்டும் கருவி அது. அதில் ஒலித்தரத்தைப் பல படிகளில் வைத்துக்கொள்ளலாம். பாடலை அமைக்கும்போது இலேசான படியில் வைத்து, இறுதிப் பதிவின்போது உயர்ந்த படிக்கு மாற்றலாம். அந்த உயர்ந்த படி கணினியிடம் கடும் உழைப்பை வாங்கும். அறையில் அதனால் கேடில்லை. மேடையில்?

கருவிகளில் இரண்டு குலம் உண்டு என்பதையும் அறிந்துகொள். ஒன்று, ஒலியைக் கணக்கினால் ஆக்குவது. மற்றொன்று, உண்மைக் கருவிகளின் ஒலியைச் சுரம் சுரமாகப் பதிந்து வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தும்போது எடுத்துத் தருவது. 'கான்டாக்ட்' என்பதில் பெரும்பாலும் நாம் பயன்படுத்துவது இரண்டாம் குலத்தைத்தான். 'ஆம்னிஸ்ஃபியர்' இரண்டையும் கலந்தது. அதன் ஒலிக்களஞ்சியம் 60 ஜிகாபைட்டுக்கும் மேல் இடம் கொள்ளும். மாறாக, பிரெஞ்சு நாட்டார் செய்த 'பியானோடெக்' பதிவு எதுவுமின்றி, பியானோவின் தந்தியும் பலகையும் அதிரும் விதத்தையே கணக்கிட்டு ஒலிக்கிறது. அது கொள்ளும் இடம் முன்னதைவிடப் பல நூறு மடங்கு சிறிது. உன் கணினியின் நினைவகமும் சேமிப்பிடமும் எவ்வளவு என்று பாராமல் கருவியைத் தேர்வது, வீட்டு வாசலை அளக்காமல் பீரோ வாங்குவது போலாகும்.

மேடையின் கருவி

மேடைக்கு நீதி வேறு. அங்கே ஒரு முறைதான் வாசிக்கலாம். அங்கே முதலாவதாக நோக்க வேண்டுவது நம்பகம். அழகு அதற்குப் பின்.

சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஒரு பள்ளி அரங்கில் நிகழ்ந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. கீபோர்டு வாசித்த இளைஞர் திறமையானவர். அறையில் தாம் அமைத்த அழகிய ஒலிகள் அனைத்தையும் மடிக்கணினியில் அப்படியே கொண்டு வந்திருந்தார். முதல் இரண்டு பாடல்கள் தேவகானம் போல ஒலித்தன. மூன்றாம் பாடலில் 'கரகர' என்றது. பிறகு ஓசையே நின்றது. மேடையின் விளக்கு வெப்பம் ஒருபுறம். யாரோ காலால் தட்டியதில் மின்கம்பி கழன்று, கணினி தன் மின்கலத்தைச் சேமிக்க வேகத்தைக் குறைத்துக்கொண்டது மறுபுறம். நாற்பது பிள்ளைகள் விழித்தபடி நின்றனர். நல்ல வேளையாகத் தபேலா வாசித்தவர் தாளத்தை விடவில்லை. பிள்ளைகள் அதைப் பற்றிக்கொண்டு பாடி முடித்தனர். அந்த இளைஞர் தலை குனிந்து அமர்ந்திருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் கருவியில் குற்றமில்லை. அறைக்கு உரியதை மேடைக்குக் கொண்டு வந்ததே குற்றம்.

மேடையில் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, தாமதம். கட்டையை அழுத்துவதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே சிறு நேரம் கழியும். கணினி எண்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல் ஒரு கட்டாகச் சேர்த்தே அனுப்புகிறது. அந்தக் கட்டின் அளவே 'பஃபர்'. வினாடிக்கு 48,000 எண்கள் என்றால், 128 எண்கள் கொண்ட பஃபர் ஏறத்தாழ 2.7 மில்லிவினாடி தாமதம் தரும். 512 ஆனால் 10.7, 1024 ஆனால் 21.3. இவற்றோடு வேறு சிறு தாமதங்களும் சேரும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகிறது. ஆகவே 10 மில்லிவினாடி என்பது, ஒலிபெருக்கி மூன்றரை மீட்டர் தொலைவில் இருப்பதற்கு நிகர். அதைப் பலரும் பொறுத்துக்கொள்வர். 20-ஐத் தாண்டினால் விரல் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் இழுக்கும். பஃபரை மிகவும் குறைத்தாலோ, கணினிக்குக் கணக்கிட நேரம் போதாமல் அந்தக் 'கரகர' ஓசை பிறக்கும். விண்டோஸ் கணினியில் 'ஆசியோ' என்னும் இணைப்பு மென்பொருள் கொண்ட ஆடியோ இண்டர்பேஸ் ஒன்றைப் பயன்படுத்தினால் இந்தத் துன்பம் பெரிதும் குறையும்.

இரண்டாவது, சுமை. ஒத்திகையில் எல்லாக் கட்டைகளையும் வலிந்து அழுத்திப் பார். அப்போதும் கணினியின் உழைப்பு அளவுமானி பாதியைத் தாண்டாதபடி கருவிகளைத் தேர்ந்துகொள். எஞ்சிய பாதி, மேடையின் வெப்பத்திற்கும் எதிர்பாராதவற்றிற்கும் ஆனது.

மூன்றாவது, மாற்றம். ஒரு பாடலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒலியைத் தேடி ஏற்றிக்கொண்டிருக்கலாகாது. மேடைக்கென்றே செய்யப்பட்ட மென்பொருள்கள் உண்டு: ஆப்பிள் கணினிக்கு 'மெயின்ஸ்டேஜ்', விண்டோஸுக்குக் 'காண்டபிலி', இரண்டிற்கும் 'கிக் பெர்ஃபார்மர்'. பாடல்களை வரிசையாக அடுக்கி வைத்து, ஒரு பொத்தானை அழுத்தி அடுத்த ஒலிக்குச் செல்ல இவை உதவும்.

நான்காவது, அரங்கம். இரவில் ஹெட்போனில் கேட்கும்போது மயக்கும் ஒலிகள் பல, எதிரொலியும் இடம்-வலம் பரவலும் மிகுதியாகக் கலந்தவை. பெரிய கோவிலோ மண்டபமோ தானே எதிரொலிக்கும். அதனோடு கருவியின் எதிரொலியும் சேர்ந்தால் சொற்கள் சேறாகிவிடும். பல அரங்குகளின் ஒலிபெருக்கி அமைப்பு இடம்-வலம் பிரிக்காமல் ஒன்றாகவே ஒலிப்பது. ஆதலால் மேடைக்கு எளிய, தெளிவான, எதிரொலி குறைந்த ஒலியைத் தேர்ந்துகொள். பாடுவோரின் குரல் கேட்க வேண்டும் என்பதே அங்கே முதற்கடமை.

ஐந்தாவது, மாற்று வழி. உன் கீபோர்டுக்குள்ளேயே ஒலிகள் உள்ளன அல்லவா? அதிலிருந்தும் தனிக் கம்பி ஒன்றை மிக்சருக்குக் கொடுத்து வை. கணினி வாய் மூடினால் மறு நொடியே அது பேசும். மின்கம்பியை மேசைக் காலோடு கட்டிவிடு. இணையத்தையும் தானே இயங்கும் புதுப்பித்தலையும் நிறுத்தி வை. உரிமத்தைச் சரிபார்க்க அவ்வப்போது இணையத்தை நாடும் மென்பொருள்களும் உண்டு. அவற்றை முன்னாளே சோதித்துக்கொள்.

காசில்லாமல் வருவது

இனி, தாயின் நெஞ்சை மிகவும் வருத்திய அந்த நண்பனின் உதவிக்கு வருவோம். பூட்டை உடைத்த பிரதிகளையே அவன் தரப்போகிறான் என்பதில் ஐயமில்லை. தம்பி, இதை நான் இரு வகையில் மறுக்கிறேன்.

அறத்தின் வழி முதலில். இத்தகைய கருவிகளை ஆக்குவோர் எல்லாரும் பெருஞ்செல்வர் அல்லர். மிகச் சிறிய குழுவினர், சில வேளை ஒரே ஒருவர், ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கியவை அவற்றுள் பல. கூலியாளின் கூலியைப் பிடித்து வைப்பது பழி என்று நம் இல்லங்களில் சிறு வயது முதலே கற்பிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத கூலியாள் என்பதால் அக்கூலி குறைந்துவிடுமா? திருடிய கருவியால் எழுப்பிய இசையை எந்தப் பீடத்தின் முன் மனமாரப் படைப்பாய்?

அடுத்து, பயன் வழி. பூட்டு உடைத்த பிரதியோடு வேறு எது கணினிக்குள் நுழைகிறது என்று ஒருவரும் அறியார். அது பழுதுபட்டால் கேட்க ஆளில்லை, புதுப்பிக்கவும் வழியில்லை. மேடையில் நம்ப முடியாத கருவிகளுள் முதலிடம் இதற்கே.

இவ்வளவுக்கும், நேர்மையாகவே காசில்லாமல் கிடைப்பவை இருக்கும்போது திருட்டுப் பிரதி எதற்கு? 2020-இல் வெளிவந்த 'வைட்டல்' சிந்தசைசருக்கு இலவசப் பதிப்பு உண்டு. 'சர்ஜ்' என்னும் கருவி முன்பு விலைக்கு விற்கப்பட்டது. 2018-இல் அதை ஆக்கியவரே அதன் மூலநிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டார். இன்று 'சர்ஜ் எக்ஸ்.டி.' என்னும் பெயரில் தன்னார்வலர் பலர் அதை வளர்த்து வருகின்றனர். பன்னிரண்டு சமச் சுரங்களுக்கு அப்பாற்பட்ட சுர அமைப்புகளையும் அதில் ஏற்றலாம். 'டெக்ஸ்டு' என்பது அந்தப் பழைய டி.எக்ஸ்.7-ஐக் கணினிக்குள் மீட்டுத் தருகிறது. அக்கருவிக்கு அன்று செய்த ஒலிகளையும் ஏற்கிறது. குழாய் ஆர்கன் ஒலி வேண்டுமாயின் 'கிராண்ட்ஆர்க்' உண்டு, அதுவும் இலவசமே. இந்நான்கையும் நன்கு கற்க உனக்கு இரண்டு ஆண்டுகள் போதா.

பணம் எங்கே செல்ல வேண்டும்?

அப்படியானால் அந்த 30,000 ரூபாய்? முதலில் நல்ல ஆடியோ இண்டர்பேஸ் ஒன்று, உள்ளதை உள்ளபடி காட்டும் ஹெட்போன் ஒன்று. இவ்விரண்டும் எந்தச் சிந்தசைசரைப் பின்னர் வாங்கினாலும் உழைக்கும். அறைக்கும் உதவும், மேடைக்கும் உதவும். எஞ்சிய தொகை தந்தையின் கையிலேயே இருக்கட்டும்.

பிறகு ஓராண்டு ஒரே சிந்தசைசரோடு வாழ்ந்து பார். அதில் ஆயத்தமாக வரும் ஒலிகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிராமல், ஒன்றுமில்லாத நிலையிலிருந்து நீயே ஓர் ஒலியைக் கட்டிப் பழகு: அலையை எங்கே வடிகட்டுவது, எவ்வளவு மெல்லத் தொடங்குவது, எவ்வளவு நேரம் தேயவிடுவது. இதை ஒன்றில் கற்றால் மற்றவை பெரும்பாலும் கைவந்துவிடும். இருபது கருவிகளை வைத்துக்கொண்டு ஒன்றையும் ஆள அறியாதவர் பலரை நான் கண்டிருக்கிறேன். அகலக் கால் வைக்காதே என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஓராண்டு கழித்தும், 'என் மனத்தில் உள்ள இந்த ஒலி இதில் வரவில்லை' என்று உன்னால் சுட்டிச் சொல்ல முடிந்தால், அப்போது விலை கொடுத்து வாங்கு. வாங்குமுன் விலையில்லாச் சோதனைப் பதிப்பைக் கேட்டுப் பெறு. பல நிறுவனங்கள் தருகின்றன. அதை உன் கணினியில், உன் கீபோர்டில், உன் பாடலில் சோதித்துப் பார். கோபுரம் கட்டுமுன் அமர்ந்து செலவைக் கணக்கிட்டவனின் உவமையை ஞாயிறுதோறும் கோவிலுக்குச் செல்லும் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அம்மையீர், இறுதியாகத் தங்களுக்கு ஒரு சொல். இந்த மடலைத் தந்தையும் மகனும் ஒருங்கே இருக்கும் வேளையில் உரக்கப் படியுங்கள். பிறகு, வரும் சனிக்கிழமை மாலை கடை அடைத்தபின், மகன் அந்த இலவசக் கருவிகளுள் ஒன்றில் தன் தந்தைக்குப் பிடித்த பழைய பாடல் ஒன்றை வாசிக்கட்டும். சக்கரத்தைத் திருப்பி ஒரு சுரத்தை வளைத்துக் காட்டட்டும். ஐயா அவர்கள் கேட்டு, நன்றாயிருந்தால் நன்று என்றும், இல்லையேல் எங்கே குறை என்றும் சொல்லட்டும். பத்து நாள் மௌனம் கலைய அந்த ஒரு பாடலே போதும் என்று நம்புகிறோம்.

என்ன நிகழ்ந்தது என்பதை மறவாமல் எமக்கு எழுதுங்கள். அடுத்த திங்கள் வேறொரு மடலோடு சந்திப்போம்.